குளிரில் ரப்பருக்கு நேரம் போதாது

“சாலை காய்ந்து கிடக்கிறது. பனியும் இல்லை, மழையும் இல்லை. வெப்பநிலை 3 டிகிரி. கோடையில் தினமும் போன அதே வளைவில் பைக் ஏன் வழுக்குகிறது?” குளிர்நாட்டில் வண்டி ஓட்டும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பனிக்கட்டியில் வழுக்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். காய்ந்த தாரில் வழுக்கினால் சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. டயரைத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளியில் படித்த உராய்வு விதிப்படி, எடைக்கு ஏற்ப உராய்வு கூடும். வேகமும் வெப்பமும் ஒரு பொருட்டல்ல. உலோகத்துக்கும் மரத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். ரப்பர் இந்த விதிக்கு அடங்காது.

டயர் இரண்டு வழிகளில் சாலையைப் பிடிக்கிறது. ரப்பர் மூலக்கூறுகள் கல்லின் மேற்பரப்பில் ஒட்டி ஒட்டிப் பிரிவது ஒரு வழி. இன்னொன்றுதான் சுவாரசியமானது. தாரில் பதிந்த ஜல்லியின் மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி இறங்குகிறது. மேடு கடந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அமுங்கிய வேகத்திலேயே திரும்பிவிட்டால், அமுக்கச் செலவான ஆற்றல் முழுதும் திரும்பக் கிடைத்துவிடும்; இந்த வழியில் வண்டியை நிறுத்த எதுவும் மிஞ்சாது. நல்ல ரப்பர் கொஞ்சம் தாமதித்துத் திரும்புகிறது. அந்த நேரத்தில் மேட்டின் ஒரு பக்கத்தை அது அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்கும், மறுபக்கத்துக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. இந்த ஏற்றத்தாழ்வுதான் பிடிப்பு. வீணான ஆற்றல் வெப்பமாகிறது.

எவ்வளவு தாமதம்? சுழலும் டயர் சாலையில் நழுவவே இல்லை என்று நினைப்பது தவறு. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது, வண்டியின் வேகத்தில் சுமார் 10 சதவீதம் அளவுக்கு டயர் சாலை மீது நழுவுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 1.4 மீட்டர். சாலையின் நுண்மேடுகள் 0.1 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ரப்பர் நொடிக்கு 14,000 முறை அமுங்கி எழ வேண்டும். அதைவிடச் சிறிய மேடுகளும் உண்டு. அவற்றுக்கு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும்.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறு சங்கிலிகளின் சிக்கல். அந்தச் சங்கிலிகள் நெளிந்து நகர வெப்ப அசைவு வேண்டும். குளிரக் குளிர அசைவு மந்தமாகிறது. நொடியில் பதினாலாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் சங்கிலியால் நெளிய முடியவில்லை என்றால், அந்தக் கணத்தில் அது ரப்பரே இல்லை, விறைத்த பிளாஸ்டிக். பள்ளத்துக்குள் இறங்காமல் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போய்விடுகிறது.

இதில் அழகு என்னவென்றால், குளிரும் வேகமும் ரப்பருக்கு ஒரே விஷயம். வெப்பநிலையைக் குறைப்பதும் அமுக்கும் வேகத்தைக் கூட்டுவதும் ஒரே விளைவைத் தருகின்றன. வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1955-ல் இதைச் சமன்பாடாக்கினார்கள். 1963-ல் கிராஷ் என்பவர், பல வெப்பநிலைகளிலும் வேகங்களிலும் அளந்த ரப்பர் உராய்வு வரைகோடுகளை நகர்த்தி வைத்தால் அவை ஒரே கோட்டில் வந்து பொருந்துவதைக் காட்டினார். ஆகவே ‘இந்த ரப்பர் மைனஸ் 30 டிகிரியில் விறைக்கும்’ என்பது அரைகுறைத் தகவல். அது மெதுவாக அளந்த எண். சாலையின் வேகத்தில் அந்த விறைப்பு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே தலைகாட்டும்.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததும் இந்த மந்தத்தால்தான்: அதன் ராக்கெட்டின் இணைப்பை அடைக்க வேண்டிய ரப்பர் வளையம் குளிரில் மந்தமாகிவிட்டது. விசாரணையின்போது இயற்பியலாளர் ஃபெயின்மன், இறுக்கிப் பிடித்த அந்த வகை ரப்பர் வளையத்தைப் பனிநீரில் முக்கி எடுத்து, அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். இவ்வளவு தெரிந்த பிறகும் உராய்வை ‘பழைய பாடம்’ என்று ஒதுக்கிவிட்டு, ஆராய்ச்சிப் பணத்தைக் கவர்ச்சியான தலைப்புகளுக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டயர் கலவை பற்றிய நுட்ப அறிவில் பெரும்பகுதி நிறுவனங்களின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

பந்தய டயரின் கலவை நன்றாகச் சூடான பிறகு வேலை செய்வதற்கானது. குளிர்காலச் சாலையில் அது பகை. சிலிக்கா என்ற நுண்தூள் அதிகம் சேர்த்த, நெடும்பயணத்துக்கான டூரிங் டயரும், மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரை பதித்த குளிர்கால டயரும் குளிரிலும் நெளியும். குளிர்கால டயர் கோடையில் வேகமாகத் தேயும். ‘7 டிகிரிக்குக் கீழே குளிர்கால டயர்’ என்பது விற்பனைக்கு வசதியான எண். 8 டிகிரியில் நன்றாக இருந்தது 6 டிகிரியில் திடீரென்று கெட்டுவிடாது.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கையும் உலவுகிறது. குளிரே அந்த வேலையைச் செய்துவிடும்: 25 டிகிரியில் 36 பி.எஸ்.ஐ. அடித்த டயர், 0 டிகிரியில் 32-க்குச் சற்றுக் கீழே நிற்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்ற வேண்டும். பைக்கை இடமும் வலமுமாக நெளித்து ஓட்டி டயரைச் சூடாக்குவதும் வீண்வேலை. நேராக ஓட்டிக்கொண்டே மிதமாக முடுக்குவதும் பிரேக் பிடிப்பதும்தான் டயரைச் சூடேற்றும்.

இனிப் பனிக்கட்டி. காய்ந்த தாரில் உராய்வுக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கு பிடிப்பாகக் கிடைக்கிறது என்ற எண், 0.8 அளவில் இருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய பனிக்கட்டியில் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 12 மீட்டர் போதும் என்ற கணக்கு 98 மீட்டராகிறது. கார் வழுக்கினாலும் நான்கு காலில் நிற்கும். பைக் திரும்புவதற்குச் சாய வேண்டும், குணகம் 0.1 என்றால் சாயக்கூடிய உச்சக் கோணம் 6 டிகிரிகூட இல்லை. நேராகப் போவதற்கே முன்சக்கரம் ஓயாமல் சிறு திருத்தங்கள் செய்துகொண்டிருக்கிறது. அதற்கும் பக்கவாட்டுப் பிடிப்பு வேண்டும். மைனஸ் 20-ஐவிட மைனஸ் 1 ஆபத்தானது, ஏனெனில் உருகுநிலையை நெருங்கும்போது பனிக்கட்டியின் மேற்பரப்பில் இளகிய படலம் தடிக்கிறது. பாலங்களுக்குக் கீழேயும் காற்று ஓடுவதால் அவை மற்றச் சாலையைவிட முன்பே உறையும்.

ஒவ்வொரு நாடும் இதற்குத் தன் வழியில் பதில் சொல்கிறது. பனி படர்ந்த சாலையில் குளிர்கால டயர் கட்டாயம் என்ற ஜெர்மன் விதியிலிருந்து 2017-ல் இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. அவை வழுக்காது என்பதால் அல்ல. பொருத்தமான டயர் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால். அங்கே பலர் மார்ச் முதல் அக்டோபர் வரை என்பதுபோல மாதம் அச்சிட்ட பருவகால நம்பர் பிளேட் வாங்குகிறார்கள். மற்ற மாதங்களில் வண்டி பொதுச்சாலைக்கு வரக் கூடாது, வரியும் இல்லை. அதே நாட்டில் 1956-ல் வேறிடத்தில் தொடங்கிய எலிஃபான்டன்ட்ரெஃபென் என்ற குளிர்கால பைக் கூடுகை இப்போது பவேரியக் காட்டில் நடக்கிறது. சைடுகார் பூட்டிய வண்டிகள் அங்கே ஏராளம். மூன்றாவது சக்கரம் வந்துவிட்டால் சாய வேண்டிய தேவையே போய்விடுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில் தபால்காரர்கள் சிறிய வண்டிகளின் டயரில் சங்கிலி சுற்றியோ ஆணி டயர் மாட்டியோ பனியில் கடிதம் கொடுக்கிறார்கள். லடாக்கில் வேறு கதை: மணாலி–லே சாலையின் உயரமான கணவாய்கள் குளிர்காலத்தில் பனியால் மூடிவிடுவதால், டயரைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை.

ஓட்டுபவர் உடலும் விறைக்கும். 0 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. வேகம் தோலுக்கு மைனஸ் 7 போலிருக்கும். 80-ல் மைனஸ் 10. 100-ல் மைனஸ் 11. முதல் 40 கி.மீ.தான் பெரும்பகுதி வெப்பத்தைப் பறிக்கிறது. ஆகவே மெதுவாகப் போனால் குளிராது என்பது வீண் நம்பிக்கை. விரல் மரத்தால் பிரேக் நெம்புகோலின் அழுத்தம் தெரியாது. ஹேண்டில் ஹீட்டர் உள்ளங்கையைத்தான் சூடாக்கும். விரலின் வெளிப்புறத்துக்குக் காற்றுத் தடுப்பு உறை வேண்டும். ‘ஒரு பெக் போட்டால் சூடு’ என்பது மூடநம்பிக்கை மட்டுமல்ல, ஆபத்தும்கூட: மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உடலின் உள்வெப்பத்தை வெளியே விரட்டுகிறது.

லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். வீட்டுக்குள் வைத்து, சூடான பிறகு சார்ஜ் போட வேண்டும். பிரிட்டன் போன்ற மிதமான குளிர்நாடுகளில் பனியைவிட அதை உருக்கத் தூவும் உப்புதான் பைக்கைத் தின்கிறது. சாலைக்குப் போய் வந்த அன்றே, முதலில் குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். வெந்நீர் உப்பின் அரிப்பை வேகப்படுத்தும். பிறகு செயினைத் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் போட வேண்டும். ஃபின்லாந்தில் உப்போடு ஜல்லித்தூளும் போடுகிறார்கள். பனி உருகிய பிறகும் அது வளைவுகளின் ஓரத்தில் கிடக்கும். சாலை காய்ந்து வெயிலும் அடிக்கிற வசந்தத்தின் முதல் வாரங்களில் அங்கே வண்டி சறுக்குவது இந்தத் தூளில்தான்.