கரகரப்பின் கணக்கு

1967இல் சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு ஒரு காதல் பாட்டைப் பாடியது. ஐசக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் எழுதிய அந்தப் பாட்டு அப்போது பெரிதாக எடுபடவில்லை. 1993இல் வூ-டாங் க்ளான் என்ற ராப் குழுவின் ரிஸா அதன் தொடக்கத்தில் வரும் பியானோவைச் சில நொடிகள் மட்டும் வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பச் சுழலவிட்டார். நியூயார்க்கில் பணமில்லாமல் வளர்ந்த கதையைச் சொல்லும் ‘க்ரீம்’ அப்படித்தான் பிறந்தது. காதலுக்காகத் தட்டிய கட்டைகள், இருட்டு மாடிப்படியில் கேட்பது போல ஒலித்தன.

சாம்ப்ளிங் எனப்படும் இந்த வெட்டி ஒட்டுதலால் மட்டும் இப்படி ஆகிவிடாது. சார்மெல்ஸ் பாடியது போன்ற, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் இசையில் அழுக்கு ஏறியதற்கு அன்றைய கருவிகளின் வறுமைக்கும் பங்கு உண்டு. அவற்றில் பேர்போனது, ஈ-மு நிறுவனம் 1987இல் கொண்டுவந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளிங் பெட்டி.

இந்தப் பெட்டி ஒலியை நொடிக்கு 26,040 தடவை அளக்கும். ஒவ்வோர் அளவையும் 4,096 படிகளில் ஒன்றுக்கு முழுமையாக்கும்; கணினி மொழியில் இது 12 பிட். சிடியில் 65,536 படிகள். சில்லறை இல்லாத கடையில் கணக்குத் தீர்ப்பது போலத்தான்: ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு ரூபாய் கூடக்குறைய இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை, ஐந்து ரூபாய்ப் பொருளுக்கு உறுத்தும். ஒலியிலும் உரத்த அடி தப்பித்துவிடும். தேய்ந்து மறையும் வால்பகுதிதான் மணலில் உரசியது போலக் கரகரக்கும்.

நினைவகமோ மொத்தமே 10 நொடி. ஒரு துண்டு 2.5 நொடியைத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் நாலு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு 2.67 நொடி ஆகும். மயிரிழையில் இடம் போதவில்லை!

இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். எல்லாம் 1.35 மடங்கு விரைந்து, 3.37 நொடி இசை 2.5 நொடிக்குள் அடங்கியது. சுருதியும் கூடவே ஏறியது: ஸட்ஜத்தில் இருந்தது சுத்த மத்தியமத்துக்குச் சற்று மேலே போய் நின்றது. பிறகு பெட்டிக்குள் அதைப் பழைய இடத்துக்கு இறக்கினார்கள்.

இறக்கும்போதுதான் வேடிக்கை. 100 எண்கள் தேவைப்படும் இடத்தில் பெட்டியின் கையில் இருப்பவை 74. நடுவில் வர வேண்டிய மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்பும் நாகரிகம் அதற்குத் தெரியாது. மீதி 26 இடங்களில் முந்தைய எண்ணையே மறுபடி போட்டு ஒப்பேற்றும். அலை அங்கங்கே படிக்கட்டாக உடைகிறது. மூலப் பாட்டில் இல்லவே இல்லாத அதிர்வெண்கள் முளைக்கின்றன. காதுக்கு அது பித்தளையைச் சுண்டியது போன்ற மெல்லிய கணகணப்பு. இன்னொரு பக்கம், மூலப் பாட்டில் 9,600 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த பளபளப்பு காணாமல் போயிருக்கும். பளபளப்பு போய்க் கணகணப்பு வந்தது. அந்தப் பண்டமாற்றைத்தான் ரசிகர்கள் ‘அழுக்கு’ என்று கொண்டாடினார்கள்.

சோல் இசைத்தட்டுகளைத் தேடித்தேடி வாங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. சோல் பாட்டுகள் பல பதிவான, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய சினிமா தியேட்டராக இருந்தது. சாய்தளம்கூட அப்படியே இருந்தது. அங்கே பதிவான டிரம்மில் அடியோடு சேர்ந்து அந்தக் கூடத்தின் காற்றும் பதிந்திருக்கிறது. சாம்ப்ளிங் இரண்டையும் பிரிக்காது. மூல வேகத்துக்கும் கீழே இறக்கினால் எதிரொலியும் சேர்ந்து நீளும், கூடம் பெரிதானது போலத் தோன்றும். பாடகியின் மூச்சும் தட்டின் கீறல் சத்தமும் கனத்துப் போகும். புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் இது கிடைக்காது.

வடிகட்டியை வைத்து மேல் அதிர்வெண்களை மூடி, முழுப் பாட்டிலிருந்து பேஸ் கிட்டாரின் உறுமலை மட்டும் கறப்பதும் உண்டு. எல்லாப் பாட்டிலும் அது பலிக்காது. டிரம்மின் அடிச்சத்தமும் ஒட்டிக்கொண்டு வரும்.

இன்று ஒரு கைப்பேசியில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் அடங்கும். எஸ்பி-1200ஐ வடிவமைத்த டேவ் ராசம் 2021இல் அதை மறுபடி தயாரித்தபோதும், 12 பிட்டைக் கூட்டவில்லை.