முதலில் சூடு, அப்புறம் பால்

நீலகிரியில் விறகு அடுக்கிலிருந்தோ தேயிலைச் செடிகளுக்கு அடியிலிருந்தோ எடுத்து வந்த தாயில்லாப் பூனைக்குட்டியைப் பாட்டில் பாலில் வளர்ப்பவர்களுக்கு வயிற்றுத் தொல்லை ஏறக்குறைய நிச்சயம். குடித்த பால் திரும்பி வரும், வயிறு உப்பும், இல்லாவிட்டால் மஞ்சள் தண்ணீராகக் கழியும். பழி உடனே பால்மேல் விழும். பாலுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலும், அதைவிடச் சற்றுத் தாழ்ந்த குன்னூர், கோத்தகிரியிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது குளிரைத்தான்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் எடை இருக்கும். முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். வளர்ந்த பூனைக்கு 38-க்கு மேல். உடல் சிறுத்தால் எடையோடு ஒப்பிடும்போது தோல்பரப்பு கூடும், அதனால் சூடு வேகமாக வெளியேறும். நமக்குக் குளிர்ந்தால் நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறோம். முதல் வாரக் குட்டிக்கு நடுங்கவும் வராது. அதனிடம் இருப்பது பழுப்புக் கொழுப்பு என்ற சிறு கையிருப்பு; பட்டினி கிடந்தால் அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோகும். மீதிச் சூடு தாயின் வயிற்றிலிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் வர வேண்டியது. தனிக் குட்டிக்கு அது இரண்டும் இல்லை.

உடல் வெப்பம் 35-க்குக் கீழே போனால் செரிமானம் தடுமாறத் தொடங்குகிறது. இரைப்பையும் குடலும் தசைக் குழாய்கள்தான். அவை சுருங்கிச் சுருங்கித் தள்ளினால்தான் உணவு நகரும். குளிரில் அந்தச் சுருக்கம் தளர்ந்து, சில சமயம் நின்றே போகும். பாலைப் பிரிக்கும் நொதிகளும் மந்தமாகும். உள்ளே போன பால் தயிர்க்கட்டியாகத் திரண்டு அங்கேயே கிடக்க, நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். வயிறு கல்லாகும். இதோடு போவதில்லை, குளிர்ந்த குட்டிக்கு உறிஞ்சவும் விழுங்கவும் தெம்பு இருக்காது. பால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். ‘பாவம், பசியில கிடக்குது’ என்று ஊட்டும் அந்த நாலு சொட்டுதான் சில குட்டிகளுக்கு எமனாகிறது.

ஆகவே கையில் எடுத்ததும் சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் பால் வேண்டாம். துணியில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். சுடுதண்ணீரில் முக்குவதெல்லாம் ஆபத்து. பிறகு அட்டைப்பெட்டிக்குள் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். துணி சுற்றிய சுடுதண்ணீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனி படியும் இரவுகளில் அந்தப் பாட்டில் சீக்கிரம் ஆறிவிடும், நடுராத்திரியில் எழுந்து மாற்றத்தான் வேண்டும். அதற்குச் சோம்பி, மூடிய அறையில் கரிக் கணப்பு வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு குட்டியோடு உங்களையும் சேர்த்துக் கொல்லும்.

சரி, இப்போது பால். பூனைக்குப் பசும்பாலின் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஆகாது என்பது பாதி உண்மை. பூனைப்பாலிலேயே சுமார் 4% லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலில் 5%-க்குச் சற்றுக் குறைவு. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். சிக்கல் மற்ற சத்துகளில் இருக்கிறது. பசும்பாலில் புரதம் 3.3% அளவுதான், பூனைப்பாலில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பூனைக்கு அவசியமான டாரின் என்ற அமினோ அமிலம் பசும்பாலில் மிகக் குறைவு. 100 கிராம் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோகலோரி தேவை. பசும்பாலில் அதைப் பெற 30 மில்லி குடிக்க வேண்டும், கூடவே லாக்டோஸும் அந்த அளவுக்கு ஏறும். செரிக்காமல் தங்கிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அதுதான் கழிச்சல். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரில் ஏறக்குறைய 20 மில்லியிலேயே வேலை முடியும்.

அந்தப் பவுடரும் அளவு மீறினால் கழியும். 100 கிராம் குட்டியின் வயிற்றில் ஒரு தடவைக்குச் சுமார் 4 மில்லிதான் வசதியாக நிற்கும். அதனால்தான் முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஊட்டுவது. நல்ல மலம் மஞ்சள் கலந்த பழுப்பில் பற்பசைப் பதத்தில் இருக்கும். மஞ்சளாகவோ பச்சையாகவோ இளகினால், பித்தநீர் நிறம் மாறக்கூட நேரமில்லாமல் உணவு ஓடுகிறது என்று பொருள். பெரும்பாலும் அதிகம் ஊட்டியிருப்பீர்கள். வெளுத்த சாம்பல் நிறம் என்றால் பால் செரிக்காமலே வெளியேறுகிறது. ஊட்டும்போது குட்டி குப்புறக் கிடக்க வேண்டும், கைக்குழந்தையைப் போல மல்லாத்தக் கூடாது.

வயிறு உப்பியிருக்கிறது, மலமே வரவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீரும் மலமும் கழிக்க வராது. தாய் நக்கும் தூண்டலில்தான் அந்த அனிச்சைச் செயல் நடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை ஒவ்வொரு ஊட்டலின் போதும் மெல்லத் தடவிவிட வேண்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லாமல், பால் சரியில்லை என்று பவுடரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கழிச்சல் கண்ட குட்டி உலர்ந்துபோக ஒரு நாள்கூட ஆகாது. சிறுநீர் அடர்மஞ்சளாவதும் ஈறு பிசுபிசுப்பதும் அடையாளங்கள். கழிச்சல் நிற்காவிட்டாலும், ரத்தம் தெரிந்தாலும், எடை ஏறாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும், டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. வீட்டு மருந்துப்பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பாராசிட்டமால் பூனைக்கு விஷம். இரண்டு வாரம் தாண்டிய குட்டி என்றால் உருண்டைப் புழுவையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். தாய்ப்பாலின் வழியாகவே அது வந்திருக்கக்கூடும், அதற்கான மருந்தை எடை பார்த்து மருத்துவர் தருவார்.