இம்யூனோஅஸே ‘நோய் எதிர்ப்புச் சோதனை’ ஆகுமா?

கோபியிலிருந்து பெரியம்மா போன் செய்தார். கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுக்கச் சம்மதித்திருந்தார். ஒப்புதல் படிவத்தில் ‘நோய் எதிர்ப்புச் சோதனை’ என்று போட்டிருக்கிறது. “எனக்கு எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சா கண்ணு?”

இந்தத் தொடரை எத்தனை படிவத்தில்தான் பார்ப்பது! ஆங்கிலத்தில் இருப்பது இம்யூனோஅஸே (immunoassay): எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதத்தை (antibody), வைத்து அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை. அங்கே அளக்கப்போவது மைலோபெராக்சிடேஸ். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களில் இருக்கும் நொதி (enzyme). சீழின் பச்சைச் சாயலுக்கு இதுதான் காரணம். பெரியம்மாவின் எதிர்ப்புச் சக்தியை யாரும் அளக்கவில்லை.

சொல் பிறந்த கதை சின்னது. லத்தீனில் ‘இம்யூனிஸ்’ என்றால் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விலக்குப் பெற்றவர். ‘அஸே’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, மூலப்பொருள் நிறுத்துப் பார்த்தல். தங்கத்தை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பதும் அஸேதான்.

சிக்கல் தொகையில், அதாவது நடுவே உருபு மறைந்து இரண்டு சொல் ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. கரும்பாலை கரும்பை ஆட்டும் ஆலை. உடுமலைப் பக்கம் சுற்றுகிற காற்றாலை காற்றையா ஆட்டுகிறது? காற்றால் ஓடுகிறது. முன்னதில் ‘ஐ’ மறைந்திருக்கிறது, பின்னதில் ‘ஆல்’. இம்யூனோஅஸே காற்றாலை வகை: எதிர்ப்பொருளால் அளப்பது. ‘நோய் எதிர்ப்புச் சோதனை’யைப் படிப்பவர் கரும்பாலை என்றுதான் எடுத்துக்கொள்வார். பெரியம்மா மேல் தப்பில்லை, தமிழ் அப்படித்தான் படிக்கச் சொல்கிறது.

‘எதிர்ப்பொருள் சோதனை’ என்று மாற்றலாமே என்கிறார்கள். அதிலும் அதே வம்பு: எதிர்ப்பொருளைச் சோதிப்பதாகிவிடும். ‘நொதிச் சோதனை’ இன்னும் மோசம். இம்யூனோஅஸேயில் ஒரு வகை எலிசா (ELISA). 1971இல் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட அந்த முறையின் இன்றைய வடிவத்தைப் பாருங்கள். 96 குழித் தட்டின் அடியில் எதிர்ப்பொருள் பூசியிருக்கும். மாதிரியை விட்டால் மைலோபெராக்சிடேஸ் அதில் ஒட்டிக்கொள்ளும். மேலே இன்னோர் எதிர்ப்பொருள் வந்து பிடிக்கும். அதன் முதுகில் ஒரு நொதி, பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கிலிருந்து எடுத்தது. சாயப்பொருளை விட்டால் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மைலோபெராக்சிடேஸ். ஆக, அளக்கப்படுவதும் நொதி, அடையாளம் காட்டுவதும் நொதி. இதில் எது ‘நொதிச் சோதனை’? அதுவும் எலிசா சொல்வது நொதி எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். வேலை செய்கிறதா என்பதற்கு வேறு முறை வேண்டும். ‘நொதிச் செயல்பாட்டுச் சோதனை’ என்று எழுதும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

நான் எழுதுவது ‘எதிர்ப்பொருள்வழி அளவீடு’. அந்த ‘வழி’யை நீளம் என்று வெட்டிவிடாதீர்கள், மொத்தப் பாரமும் அதன் தலையில்தான். ‘சோதனை’யை விட்டு ‘அளவீடு’ என்றதற்குக் காரணம், இங்கே கேள்வி ‘உண்டா இல்லையா’ அல்ல, ‘எவ்வளவு’ என்பது. ‘இம்யூனோஅஸே’ என்று அப்படியே எழுதினால்கூட எனக்குச் சண்டையில்லை. தூய தமிழ் என்ற பேரில் பொருளைக் கவிழ்ப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. இப்போது மென்பொருளில் போட்டு எடுத்த ‘நோயெதிர்ப்பு மதிப்பாய்வு’ வேறு கிளம்பியிருக்கிறது. யாரை மதிப்பாய்கிறார்களோ!

பெரியம்மாவிடம் ஆலைக் கதையைத்தான் சொன்னேன். “அதை அப்படியே எழுதியிருக்கலாமில்ல?” என்றார்.