புது கேட் வைக்கப் பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டுமா?

கார் வாங்கியதும் காம்பவுண்டுச் சுவரை இடித்துப் பெரிய கேட் போடுவோம். சுவர் விழுந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்: "யாரைக் கேட்டு இங்க வாசல் வைக்கிறீங்க?" கேட்டுக்கு வெளியே இருக்கும் தரை யாருடையது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

அது பொதுத் தெரு என்றால் அவர் சம்மதம் தேவையில்லை. பொதுச் சாலையை ஒட்டி மனை வைத்திருப்பவர் தன் எல்லையின் எந்த இடத்திலிருந்தும் சாலையில் இறங்கலாம் என்பதை நீதிமன்றங்கள் வெகுகாலமாக ஏற்று வருகின்றன. வாஸ்து சரியில்லை, நான் வண்டி நிறுத்தும் இடம் என்பதெல்லாம் செல்லாது. (தேசிய நெடுஞ்சாலை ஓரத்து மனைக்குத் தனி அனுமதி வேண்டும்.)

ஆனால் கேட்டுக்கு வெளியே கட்டும் ராம்ப் வேறு கதை. பலர் சறுக்குவது இங்கேதான். அந்தத் தரை மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். நீங்கள் போட்ட சிமென்ட் சரிவு மழைநீர் வடிகாலை அடைத்து, தண்ணீர் அடுத்த வாசலில் தேங்கினால் அவர் கொடுக்கும் புகார் நியாயமானது. ஆக்கிரமிப்பு என்று இடித்தும் விடுவார்கள். சரிவை எல்லைக்கு உள்ளேயே தொடங்குங்கள். நடுவில் வடிகால் இருந்தால், தூர்வாரும்போது தூக்கி எடுக்கக்கூடிய மூடி போட உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.

உண்மையான சிக்கல் தனியார் சந்தில்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது விட்ட பாதை, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவின் வழி போன்றவை. இங்கே பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதி) என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'நடைபாதை' என்று இருந்தால் கார் ஓட்ட முடியாது: ஒருவகை வழி உரிமையில் இன்னொரு வகை அடங்காது என்கிறது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளுக்கான சட்டம்), பிரிவு 28. பத்திரத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், யாரிடமும் அனுமதி கேட்காமல் உரிமையாகவே 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றிப் பயன்படுத்தி வந்திருந்தால் பிரிவு 15-இன்படி உரிமை கோரலாம். ஒரே சொத்தாக இருந்து பிரிந்ததில் வேறு வழியே இல்லாமல் போன மனைக்குப் பிரிவு 13 துணைக்கு வரும். சுற்றிப் போவது சிரமம் என்பது மட்டும் போதாது.

சுவரை இடிப்பதற்கு முன்பே புலப்படத்தை (மனையின் அளவும் எல்லையும் காட்டும் அரசு வரைபடம்) எடுத்து, கட்டணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பாதிச் சண்டைகள் சங்கிலி இழுத்ததும் அடங்கிவிடும்.

அடங்காவிட்டால்? காவல் நிலையத்தில் "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பொதுப்பாதையையே மறித்திருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 152-இன்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தனியார் வழி என்றால் உரிமையியல் நீதிமன்றம். வழக்குக்கு முன் தாலுகா சட்டப்பணிகள் குழுவை அணுகிப் பாருங்கள் (உதவி எண் 15100). லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடியும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் மனமிரங்கித் தன் நிலத்தில் வழி விட்டாலும் அதைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெறும் வாய்மொழி அனுமதி, அந்த வீட்டை நாளை வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது.