இமேஜ்: சொல் விளக்கம்

தமிழில் 'இமேஜ்' என்ற சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் படக்கோப்பு ஒன்று. கவிதை பேசுகிறவர்கள் சொல்லும் சொற்சித்திரம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் படம், படிமம் என்ற சொற்கள் நிலைத்துவிட்டன. சிக்கல் மூன்றாவதில்தான். "அவருக்குன்னு ஒரு இமேஜ் இருக்கு", "இந்த மாதிரி நடிச்சா இமேஜ் போயிடும்", "இமேஜ் டேமேஜ் ஆயிடுச்சு" என்றெல்லாம் பேசுகிறோமே, அந்த இமேஜ். நடிகர், தலைவர், விளையாட்டு வீரர் என்று பேர் பெற்ற ஒருவரைப் பற்றி ஊரார் மனதில் பதிந்துபோன உருவம் அது.

அந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பவரை எப்படிச் சொல்கிறோம்? இதற்குத் தமிழில் தேட வேண்டியதே இல்லை. ஒகேனக்கல்லில் படப்பிடிப்பு நடந்து, வேன் ஓட்டவோ சமைக்கவோ போய்விட்டு வந்தவரிடம் பென்னாகரத்தில் கேட்கிற முதல் கேள்வி, "நேர்ல ஆளு எப்படி?" என்பதுதான். ஆள். சில இடங்களில் "மனுஷன் எப்படி?" என்பார்கள். திரையில் பார்த்தது ஒன்று, ஆள் வேறொன்றாக இருக்கலாம் என்ற தெளிவு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஆளுக்குச் சொல் இருக்கிறது. இமேஜுக்குத்தான் தமிழ்ச்சொல் பிடிபடாமல் இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. மூலம் 'இமாகோ'. பார்த்துச் செய்த உருவம், சாயல் என்று பொருள். ரோமாபுரியில் இதற்கு இன்னொரு குறிப்பான பொருளும் இருந்தது. உயர்பதவி வகித்த முன்னோரின் முகத்தை மெழுகில் செய்து, வீட்டின் முன்கூடத்தில் மரப்பேழையில் வைத்திருப்பார்கள். குடும்பத்தில் யாராவது இறந்தால் அந்த மெழுகு முகங்களை வெளியே எடுப்பார்கள். உயரத்திலும் உடல்வாகிலும் அந்த முன்னோரை ஒத்த ஒருவர் அதை அணிந்துகொண்டு, அவர் வகித்த பதவிக்குரிய உடையோடு ஊர்வலத்தில் வருவார். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அந்த மெழுகு முகத்தின் பெயர்தான் இமாகோ. முகம் தெருவில் நடந்தது. அதற்குரிய மனிதர் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். பிரபலங்களைப் பற்றி இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது 20-ஆம் நூற்றாண்டில் விளம்பரத் தொழிலோடு வளர்ந்த வழக்கம் என்றாலும், முகம் வேறு ஆள் வேறு என்பது சொல்லின் வேரிலேயே இருந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளில் அதிகம் பார்ப்பது 'பிம்பம்'. வடசொல். வடமொழியில் பிம்பம் என்றால் சூரிய வட்டம், சந்திர வட்டம் போல, சாயலுக்கு மூலமாக இருக்கும் பொருள். தண்ணீரிலோ கண்ணாடியிலோ தெரிகிற அதன் சாயலுக்குத்தான் 'பிரதிபிம்பம்' என்று பெயர். நாமோ சாயலையே பிம்பம் என்கிறோம். அதாவது மூலத்துக்கு உரிய சொல்லை நிழலுக்குக் கொடுத்துவிட்டோம். புழக்கத்தில் ஊறிய சொல்லைத் தவறென்று தள்ள முடியாதுதான். ஆனால் பிரபலங்கள் விஷயத்தில் எனக்கு இது உறுத்துகிறது. நிழலையே மூலமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. சொல்லும் அதற்குத் துணைபோக வேண்டாம்.

'வேடம்', பேச்சில் 'வேஷம்'. இதுவும் வடமொழித் தொடர்புடையது. ஆனால் எப்போதோ நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. இமேஜுக்கு இதைச் சொல்லலாமே என்று தோன்றும். "வேஷம் போடாதே" என்று திட்டும்போது வரும் ஏமாற்றுப் பொருள்தான் தடை. அந்தப் பொருள் மட்டுமே அதற்கு இருந்ததில்லை. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்து தன்னைக் குத்தியவனைக்கூட, அந்த வேடத்துக்காகவே பத்திரமாக ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்னவர்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூத்தில் வேஷம் என்பது இன்றும் கௌரவமான சொல். துரியோதன வேஷக்காரர், கர்ண வேஷக்காரர் என்று ஆளையே வேஷத்தால் குறிப்பார்கள். முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் கட்டைகள் எல்லாம் ஏறிய பிறகு, இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்றுகொண்டு அவர் பாடத் தொடங்குவார். "நான் வந்தேன்" என்று பாட மாட்டார். "துரியோதன மகாராஜன் வந்தாரே" என்றுதான் பாடுவார். தன்னைத் தானே படர்க்கையில் அறிவித்துக்கொள்கிறார். வருவது மகாராஜன், கொண்டுவருவது நான் என்று ஆட்டக்காரருக்கும் தெரியும், விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியும். பாரதக் கூத்தின் கடைசி நாளில், தரையில் களிமண்ணால் செய்துவைத்த துரியோதனன்மேல் பாயும் கோபம், மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வேஷக்காரர்மேல் பாய்வதில்லை. வேஷம் கலைக்க ஒரு நேரம் உண்டு என்பது கூத்தின் ஒழுங்கு.

சினிமாவில் அந்த நேரம் வாய்ப்பதில்லை. எம்.என். நம்பியார் பல பத்தாண்டுகள் திரையில் கொடுமை செய்தார். வாழ்க்கையில் மது தொடாத சைவ உணவுக்காரர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பலரை அழைத்துச் சென்ற குருசாமி. இது எல்லோருக்கும் தெரிந்த பிறகும், கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வில்லனாகவே அவர் முகம் நினைவில் நிற்கிறது.

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரிக்கு இந்த விஷயத்தில் வேறெந்த ஊருக்கும் கிடைக்காத சான்று ஒன்று கைவசம் இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தன் காலத்தின் பெரும்பிரபலம். அவனுடைய பெயரைக் கேட்டாலே பகைவர் நடுங்கினார்கள். அருகிலிருந்து பார்த்த ஔவையார் புறநானூற்றில் (94) என்ன சொல்கிறார் பாருங்கள். ஆற்றுத்துறையில் படுத்திருக்கிற பெரிய களிறு, ஊர்ச் சின்னப்பிள்ளைகள் தன் வெண்கொம்பைத் தேய்த்துக் கழுவ விட்டுக்கொடுத்துக் கிடக்கும். "இனியை, பெரும! எமக்கே". அதே களிற்றின் மதம் எப்படியோ, அப்படி "இன்னாய், பெரும! நின் ஒன்னாதோர்க்கே". எங்களுக்கு இனியவன், பகைவருக்குக் கொடியவன். இரண்டும் ஒரே யானை. ஒன்று பொய், ஒன்று மெய் என்று ஔவை பிரிக்கவில்லை.

இன்னொரு பாட்டு (100) இன்னும் நெருக்கமானது. அதியமான் போர்க்களத்திலிருந்து வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். கையில் வேல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத பச்சைப் புண். "செறுவர் நோக்கிய கண், தன் சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே" என்கிறார் ஔவை. பகைவரைப் பார்த்த கண், பிள்ளையைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. வெளியே அணிந்த முகம் வீட்டுக்குள் வந்தும் இறங்காமல் நிற்கிற அந்தக் கணத்தை, நான் படித்தவற்றில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

தொல்காப்பியம் இதில் ஓர் எல்லைக்கோடே போட்டிருக்கிறது. காதலைப் பாடும் அகப்பாடலில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்பது விதி. புறத்தில் வேந்தன் பெயர், ஊர், போர் எல்லாம் வரலாம். அகம் என்று வந்துவிட்டால் யார் பெயரையும் சுட்டக் கூடாது. மனிதர்களின் அந்தரங்கத்தைப் பாடத் தடையில்லை. இன்னாருடையது என்று சொல்லத்தான் தடை.

இந்தக் காலத்து எடுத்துக்காட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் நாச்சிக்குப்பம், ரஜினிகாந்த் குடும்பத்தின் பூர்வீக ஊர். அவருடைய பெற்றோருக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. அவர் பிறந்து வளர்ந்தது பெங்களூரில், சிவாஜி ராவ் கெய்க்வாட் என்ற பெயரில். பஸ் கண்டக்டராக இருந்தவர் 1975-இல் சினிமாவுக்கு வந்தபோது, தன் முந்தைய படம் ஒன்றின் பாத்திரப் பெயரை கே. பாலசந்தர் அவருக்குச் சூட்டினார். ஆக, ரஜினிகாந்த் என்பது பிறப்பிலேயே ஒரு வேஷத்தின் பெயர். திரையில் கருகருவென்ற முடியோடு வருகிறவர், பொதுவிடங்களுக்கு நரைத்த தாடியும் வழுக்கையுமாகவே வந்து பழகிவிட்டார். கூத்துக்காரரின் ஒழுங்கைச் சினிமாவில் கடைப்பிடித்தவர் என்று இதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அப்புறம், அனுமதி இல்லாமல் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு எதிராக அவர் வழக்குப் போட்டார். 2015-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் பெயரில் 'ரஜினிகாந்த்' இல்லை. மனுதாரர் சிவாஜி ராவ் கெய்க்வாட். முகத்துக்கு ஆபத்து வந்தபோது கோர்ட்டுக்குப் போனது ஆள்தான்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், இமேஜுக்கு நான் பரிந்துரைப்பது 'பொதுமுகம்'. ரோமானிய மெழுகு முகத்தின் பொருள் இதில் இருக்கிறது. ஏமாற்றுக் கறை இல்லை. பலருக்கும் பொதுவானது, பலரும் சேர்ந்து ஆக்கியது என்பதும் வந்துவிடுகிறது. 'பொதுத்தோற்றம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் தோற்றம் என்றால் உடை, உயரம், நிறம் என்றும் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. முகத்துக்குப் பின்னால் இருக்கும் பக்கத்துக்கு எழுத்தில் 'தனிமனிதர்', 'தனிவாழ்க்கை'. பேச்சில் 'ஆள்' போதும்.

"அந்தப் படத்துக்குப் பிறகு அவருடைய பொதுமுகமே மாறிவிட்டது" என்று எழுதலாம். "இமேஜ் பில்டப்" என்பதைப் 'பொதுமுக ஒப்பனை' எனலாம். பேட்டியிலோ கதை உரையாடலிலோ ஒருவர் "இமேஜ்" என்று சொல்லியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஒரு நடிகையின் பிரசவம், ஒரு தலைவரின் நோய், ஒருவர் வீட்டுத் துக்கம் ஆகியவற்றைச் செய்தியாக்கும்போது 'பொதுமுகம்' என்ற சொல் பொருந்தாது. அங்கே படுத்திருப்பதும் அழுவதும் ஆள். பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியர் சொன்ன இடம் அது.