ஊஞ்சல் கொக்கிக்குள் ஓடிய விரிசல்

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டு ஊஞ்சலின் நாலு கொக்கிகளில் ஒன்று போன மாதம் பட்டென்று முறிந்தது. உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

முறிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். முக்கால் பாகம் வழவழப்பு. சிப்பியின் முதுகில் இருப்பதுபோல வளைவளைவாக வரிகள். மீதிக் கால் பாகம் சொரசொரவென்று மினுங்கியது. அந்தச் சொரசொரப்புதான் அன்றைக்கு முறிந்தது. வழவழப்பான பகுதி பல வருஷமாக முறிந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஊஞ்சலை 30 பாகை வரை வீசி ஆடினால், உச்சியில் சங்கிலிகள் தாங்குவது எடையில் 87 சதவீதம். கீழே கடக்கும்போது 127. சங்கிலி எட்டடி என்றால் மணிக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் இந்த ஏற்ற இறக்கம். ஒரு தடவை அலட்டாமல் தாங்கும் பாரமே லட்சக்கணக்கில் வந்து வந்து போனால் இரும்பை முறித்துவிடும். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு.

விரிசல் எவ்வளவு வேகமாக வளரும்? 1960களில் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ் ஒரு விதி சொன்னார். எஃகில் அந்த வேகம், விரிசல் முனையில் குவியும் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுமார் மூன்றாம் படியில் பின்தொடரும். அந்தக் குவிப்போ விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஆக, நீளம் இரட்டித்தால் வேகம் 2.8 மடங்கு. வட்டிக்கு வட்டியில்கூட முதல் இரட்டித்தால் வட்டியும் இரட்டிப்புதான். இது அதைவிடக் கொடுமை. அதனால் விரிசல் தன் ஆயுளில் பெரும்பங்கைப் பொடியாகவே கழிக்கிறது.

சிக்கல், அந்தப் பொடிப் பருவத்தில்தான் விதி சறுக்குகிறது. நமக்கு ஒரே கட்டியாகத் தெரியும் இரும்பு, நுண்ணோக்கியில் நெருக்கி அடுக்கிய படிகக் குறுணைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்துக் கிடக்கும். மயிரிழையைவிடச் சிறிய விரிசல் ஒரு குறுணைக்குள் சரசரவென்று ஓடும். எல்லையில் அடுத்த குறுணை இசையாவிட்டால் திணறும். சில அங்கேயே நின்றுபோகும்.

இன்னொரு விநோதம். நீண்ட விரிசல்களுக்கான கணக்கு ‘இது நகரவே நகராது’ என்று சொல்லும் அளவிலும் பொடி விரிசல் வளர்கிறது. காரணத்தின் ஒரு பங்கு 1970 வாக்கில் வூல்ஃப் எல்பர் என்ற பொறியாளர் கண்டது: நீண்ட விரிசல் வந்த வழியில் இழுபட்ட உலோகத்தை விட்டு வருகிறது, பாரம் முழுக்க இறங்குமுன்பே அதன் இரு முகங்களும் ஒட்டிக்கொள்வதால் முனைக்கு அடி குறைகிறது. பொடி விரிசலுக்கு அப்படி ஒரு வால் இன்னும் முளைக்கவில்லை. முழு அடியும் முனையில்தான்.

எனவே பொறியாளர்கள் முறியும் நாளைக் குறித்துத் தருவதில்லை. சோதனைக் கருவி தவறவிடக்கூடியதிலேயே பெரிய விரிசல் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அது ஆபத்தான நீளத்தை எட்ட ஆகும் காலத்தைக் கணக்கிட்டு, அதற்கு வெகுமுன்பே அடுத்த சோதனையை வைக்கிறார்கள். விமானங்களுக்கு நடப்பது இதுதான்.

“மத்த மூணும் நல்லாத்தானப்பா இருக்கு?” என்றார் அப்பத்தா. மற்ற மூன்றும் அதே ஆட்டத்தை ஆடியவை. நாலையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.