முந்திரிக் கொட்டையைச் சுடுவதற்கு முன்பு

பங்குனி பிறந்து கொல்லையில் முந்திரிப் பழம் விழத் தொடங்கியதும், கடலூர் மாவட்டத்தில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம் உதடு வெந்த பிள்ளைகளும் விரல் கருத்த பெண்களும் வரத் தொடங்கிவிடுவார்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரியையே தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கொட்டையின் குணம் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு மரங்களை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கொட்டை சுடும் குடும்பங்களை எண்ணித்தான் எனக்குக் கவலை.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயார் அழைத்து வந்திருந்தார். மேலுதடு வீங்கி, வாயின் இடது ஓரத்தில் தோல் கரும்பழுப்பாகி, அதன் விளிம்பில் சிறு நீர்க்கொப்புளங்கள் எழும்பியிருந்தன; கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அதே நிறத்தில் கறை. மரத்தடியில் கிடந்த பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்துப் பிளந்திருக்கிறான். “கடிச்சப்ப ஒண்ணும் சொல்லலை டாக்டர், ராத்திரிதான் எரியுதுன்னு அழுதான், பேஸ்ட் தடவி விட்டேன்” என்றார் அந்தத் தாய்.

முந்திரி ஓட்டின் உள்ளே தேனடை போன்ற நுண்ணறைகளில் தடித்த பழுப்பு எண்ணெய் நிறைந்திருக்கிறது. அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை அரிக்கக்கூடியவை. சிலருக்கு ஓரிரு நாள் கழித்து ஒவ்வாமையாகவும் கிளம்பும். துணிக்குக் குறியிட வண்ணார் பயன்படுத்திய சேங்கொட்டையும், காம்புப் பால் பட்டால் புண்ணாக்கும் மாங்காயும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பட்டவுடன் சுரீரென்று எரியாததால் பலரும் கையைத் துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். அதே கை கண்ணுக்கும் கழுத்துக்கும் போகிறது.

ஆகவே, எண்ணெய் பட்ட இடத்தை எரிச்சலுக்காகக் காத்திராமல் உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் நகக்கண் வரை பலமுறை கழுவுங்கள். உடுத்திய துணியையும் மாற்றுங்கள். சுண்ணாம்பு, பற்பசை, மை எதையும் தடவ வேண்டாம். அரித்த தோலில் சுண்ணாம்பு இன்னொரு புண்ணைத்தான் உண்டாக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரமாவது நீர் விட்டு அலசிக்கொண்டே இருந்து, அதன்பின் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கொட்டை எடுப்பதிலும் பொறுமை வேண்டும். பழுத்துத் தானாக விழுந்ததைப் பொறுக்கி, கொட்டையைத் திருகிப் பிரித்து, ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். சுடுவதாக இருந்தால் வீட்டுக்குள் கூடவே கூடாது. துளையிட்ட சட்டியில் கொட்டை சூடேறும்போது எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும், படபடவெனத் தெறிக்கும். அந்தக் கரும்புகை கண்ணையும் மூச்சையும் உறுத்தும். வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று, நீண்ட கோலால் கிளறுங்கள். பிள்ளைகள் பத்தடி தள்ளி இருக்கட்டும். சுட்டதைச் சாம்பலில் கொட்டிப் புரட்டினால் மீதமுள்ள எண்ணெயைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். சுட்ட பிறகும் ஓட்டில் எண்ணெய் இருக்கும் என்பதால், உடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கைகளில் விளக்கெண்ணெயாவது தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், உடைத்த ஓடுகளை வீட்டு அடுப்பிலும் எரிக்காதீர்கள்.

நான்கு கிலோ கொட்டை உடைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்புதான் தேறும். அதற்காக இவ்வளவு பாடா என்று நினைப்பவர்கள், கொட்டையை ஆவியில் வேகவைத்து இயந்திரத்தில் உடைத்துத் தரும் பட்டறை பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுத்துவிடலாம். அந்தச் சிறுவனின் தாயாரும் அடுத்த ஆண்டிலிருந்து அப்படியே செய்வதாகச் சொன்னார். அவனுடைய உதட்டுப் புண் ஆற இரண்டு வாரமானது; கருமை மறைய அதற்கு மேலும் பல வாரங்கள் பிடித்தன.